ஒற்றை உருளையும் பல கைகளும்

பழைய இயந்திரமொன்று எவ்வளவு குறைந்த எண்ணிக்கையிற் செய்யப்பட்டதோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயரும் என்பது சேகரிப்பாளரின் கணக்கு. அந்த எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று அவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. இத்தாலியின் மோட்டோ குட்ஸி நிறுவனம் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நோர்மாலே’ என்னும் மோட்டார் சைக்கிளே என்னை அவ்வாறு கேட்கத் தூண்டியது. அவ்வாண்டிற் செய்யப்பட்டவை 17 வண்டிகளே.

நாலடிப்பு எஞ்சினைக் கரும்பலகையிற் பலமுறை வரைந்தவன் நான். எனினும், கோமோ ஏரிக்கரையில் உள்ள மண்டெல்லோ டெல் லாரியோ என்னும் ஊரில், அத்தொழிற்சாலையின் நூதனசாலையில் இவ்வண்டியைக் கண்டபோதுதான் அப்படம் உயிர்பெற்றது. 498 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒற்றை உருளை, முன்சில்லை நோக்கிப் படுக்கையாகக் கிடக்கிறது. எதிர்க்காற்று அதன் தலையிற் பட்டு வெப்பத்தைத் தணிக்கும். வண்டியின் பாரமும் தாழ்ந்து நிற்கும். எஞ்சினுக்கு வெளியே கனத்த சமன்சில்லு ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி அமைந்திருக்கிறது. நான்கு அடிப்புகளில் ஒன்றே வலுவைப் பிறப்பிப்பது. ஏனைய மூன்றையும் அச்சில்லின் சுழற்சியே கடத்திச் செல்கிறது. இவ்வளவும் சேர்ந்து தருவது 8 குதிரைவலு.

இதன் கதை முதலாம் உலகப் போரிலே தொடங்குகிறது. இயந்திர வினைஞரான கார்லோ குட்ஸி, விமானிகளான ஜோர்ஜியோ பரோடி, ஜொவானி ரவெல்லி ஆகிய மூவரும் போருக்குப் பின் மோட்டார் சைக்கிள் செய்வதென்று எண்ணினர். ரவெல்லி 1919இல் விமான விபத்தில் மாண்டார். நிறுவனச் சின்னத்திற் சிறகு விரித்த கழுகு அவர் நினைவாகவே பொறிக்கப்பட்டது. பணம் தந்தவர் ஜெனோவாக் கப்பல் முதலாளியான பரோடியின் தந்தை. முதற்பரீட்சைக்கு 1,500 அல்லது 2,000 லீரா. அதற்குமேல் ஒரு காசு இறக்குமுன் தாம் அதனைப் பார்க்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. மண்டெல்லோவில் ஒரு கொல்லரின் பட்டறையில் முதல் வண்டி உருவாயிற்று. நான்கு வால்வுகள் கொண்ட அவ்வமைப்புச் செலவு மிகுந்ததாகையால், விற்பனைக்கு வந்த நோர்மாலே இரண்டு வால்வுகளோடு எளிமையாக்கப்பட்டது.

1921 மார்ச் 15ஆம் நாள் கம்பனி பதிவாயிற்று. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர்தான், 1920 செப்டெம்பரில், வட இத்தாலியத் தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றித் தாமே நடத்திக் காட்டியிருந்தனர். 1922 ஒக்டோபரிலோ முசோலினி அதிகாரத்துக்கு வந்துவிட்டான். அந்த இடைவெளியிலே பிறந்தவை இவ்வண்டிகள்.

வண்டியின் தாங்கியிலே குட்ஸியின் பெயர் விளங்குகிறது. ஆனால், அக்கம்பனியில் அவருக்குத் தொடக்கத்திற் பங்கு இருக்கவில்லை. செய்யப்பட்ட வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமைப்பணமே கிடைத்தது. சிந்தித்தவனின் நிலையே இதுவானால், வார்ப்பித்து, அராவி, பொருத்திய தொழிலாளியின் நிலையை எவர் எண்ணிப்பார்த்தார்? அந்த 17 என்ற தொகை, அருமை கருதி எவரும் விதித்த எல்லையன்று. புதிதாகத் தொடங்கிய சிறு பட்டறையின் கைகள் ஓராண்டிற் செய்து முடித்த வேலையின் அளவு அது. அவ்வுழைப்பின் அளவே இன்று அரும்பொருளின் விலையாக மாறி நிற்கிறது.

இயந்திர வரலாற்றைக் கற்பிக்கும் நாம், ஆண்டையும் ஆக்கியோன் பெயரையும் சொல்லி நிறுத்திவிடலாகாது. முதலிட்டவர் யார், செய்தவர் யார், எவருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்கவும் மாணவரைப் பழக்கவேண்டும். அக்கேள்விகளும் பாடத்தின் பகுதியே.