சிசுவின் நெஞ்சும் நம் கைகளும்

குறைமாதச் சிசு செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து விடுபட்டது என்று மருத்துவர் அறிவித்ததும், வெளியே காத்திருக்கும் பாட்டிமார் கேட்பது, "நெஞ்சுச் சளியை எப்படி எடுப்பார்கள்?" என்பதே. நியாயமான கேள்விதான். மூச்சுக்குழலில் செலுத்தியிருந்த குழாயை எடுத்தபின் கோழை தேங்கி, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிவிடக்கூடும். குழாயை மீண்டும் செலுத்த நேரிடவும் கூடும். அதனைத் தடுக்கவே சிசுவை ஒருக்களித்துக் கிடத்தி, மார்பில் தட்டிக் கோழையை உறிஞ்சியெடுக்கும் சிகிச்சை மேனாடுகளில் வழக்கமாயிற்று.

ஆனால் நியூசிலாந்தின் ஆக்லந்து நகர மருத்துவமனை ஒன்றில், 1992 முதல் 1994 வரை, 24 முதல் 27 வாரங்களிலேயே பிறந்த சிசுக்களுள் 13 பேரின் மூளையில் ஒரே வகைச் சிதைவு காணப்பட்டது. ஒத்த நிலையிலிருந்த பிற சிசுக்களைவிட அவர்கள் பன்மடங்கு மிகுதியாக மார்புச் சிகிச்சை பெற்றிருந்தனர். தட்டுகையில் தலை ஆடியதே காரணமோ என்ற ஐயம் எழுந்தது. அம்மருத்துவர்கள் மிகச் சிறிய சிசுக்களுக்கு அச்சிகிச்சையை நிறுத்தினர். அதன்பின் அச்சிதைவு அங்குத் தோன்றவில்லை. 1998-இல் இதனை அவர்களே வெளியிட்டனர். தம் செயலையே ஐயுற்று உலகறியச் சொன்ன அந்நேர்மையைப் பாவசங்கீர்த்தனத்திற்கு நிகராகவே நாம் மதிக்கிறோம். குழாய் எடுக்கும் வேளையில் இச்சிகிச்சையால் தெளிவான நன்மை உண்டெனச் சொல்ல இயலாது என்று 2002-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பும் கூறிற்று. எனவே, மருத்துவர் தட்டவில்லையே என்று குறைப்பட வேண்டியதில்லை.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2014 நவம்பரில் சில நாள்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளஞ் சிசுக்கள் மாண்டதை நம் மாவட்டம் மறவாது. எடைக் குறைவும் மூச்சுத் திணறலும் காரணங்களாகக் கூறப்பட்டன. சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வந்து, பிழைத்து வீடு திரும்பும் பிள்ளையை, 'உரம் விழுந்தது' என்று சேலையிலிட்டு உருட்டுவதும், மூக்கில் ஊதுவதும், எண்ணெய் விடுவதும் தகுமா? அன்பினால்தான் செய்கிறார்கள், எனினும் வேண்டவே வேண்டாம். தாயின் வெறும் மார்போடு அணைத்துக்கொள்வதும் தாய்ப்பாலுமே அதற்கு ஏற்றவை. விலாவெலும்புகள் உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

மருத்துவமனையிலேயே உயிருக்கு ஆபத்து நேர்ந்து, குருவானவர் வரத் தாமதமானால், எவரும் திருமுழுக்கு அளிக்கலாமென்பது திருச்சபைச் சட்டம். அப்போதும் சிசுவைத் தூக்க வேண்டியதில்லை. செவிலியரின் அனுமதி பெற்று, கிடந்தபடியே தலையில் சிறிது நீர் வழியும்படி ஊற்றி, மூவொரு இறைவன் பெயரால் திருமுழுக்கின் வார்த்தைகளைச் சொன்னால் போதும். பிள்ளை தேறி வந்தபின் எஞ்சிய சடங்குகளைப் பங்குக் கோயிலில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.