பார்க்கிறது

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எதையும் பார்ப்போம். கறிக்கு உப்புப் பார்ப்போம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்போம், நாள் பார்ப்போம். பரியாரியார் நாடி பார்ப்பார். இவற்றில் பாதிக்குக் கண் தேவையில்லை. உப்பைப் பார்ப்பது நாக்கு. நாடியைப் பார்ப்பது விரல். மற்ற வினைகளின் பின்னாலும் இந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும்: தின்று பார், கேட்டுப் பார், நினைத்துப் பார். இலக்கணகாரர் துணைவினை என்பார்கள். முயன்று அறிவது என்பது கருத்து. கடன் கேட்டுப் போனவருக்கு 'பார்ப்பம்' என்று பதில் கிடைத்தால், அவர் அடுத்த வீட்டுப் படலையைத் தட்டுவது நல்லது.

நான் வேலை செய்யும் பாரிஸ் ரெஸ்ரோறன்றின் குசினியில் இந்தச் சொல் துண்டு துண்டாகிவிடுகிறது. உப்புப் பார்க்க 'கூத்தே' என்று ஒரு சொல். அடுப்பில் கொதிக்கும் சோஸைப் பார்த்துக்கொள்ள 'சூர்வெய்யே' என்று இன்னொன்று. 'பார்ப்பம்' மட்டும் உடையவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் 'ஒன் வெறா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதேதான், பொருளும் அதேதான்.

திருக்குறளில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். கண் ஒருவர் மேல் ஓடுவதற்கே இரக்கம் என்று பொருள் வந்துவிட்டது. அடுத்த அதிகாரம் ஒற்றாடல். அங்கே ஒற்றர் அரசனுடைய கண்கள். இரக்கமும் வேவும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. சுற்றிவளைப்புகளில் தலையாட்டியின் முகமூடிக்கு முன்னால் நடத்திச் செல்லப்பட்ட எங்கள் பெரியவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இந்தச் சொல்லின் பாரமான இடம் வேறு. 'அம்மாவை இப்ப ஆர் பார்க்கிறது?' என்று ஊரில் கேட்கிறார்கள். 'மூத்தவன்தான் பார்க்கிறான்' என்று பதில் வருகிறது. மூத்தவன் நான். மாதம் தவறாமல் காசு அனுப்புகிறேன். அகதிக்குப் பிரான்ஸ் கொடுக்கும் பயணப் பத்திரம் சொந்த நாட்டுக்குச் செல்லாது. ஆகவே பார்க்கிற மகன் தாயைக் கண்டு பதினொரு வருடம். காண்பதும் பார்ப்பதும் வேறு வேறு என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வட்ஸ்அப்பில் பார்க்கலாமே என்பார்கள். அம்மா போனைப் பிடிக்கிற விதத்தில் எனக்குத் தெரிவது அவவின் நெற்றியும் கூரை ஓடும்தான். போனைச் சரியாகத் திருப்பிப் பிடிப்பது பக்கத்து வீட்டு அக்கா. கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும், கண்ணுக்கு மருந்து விடுவதும், இரவில் வந்து படுப்பதும் அவதான். ஊர் அதற்கு 'ஒத்தாசை' என்கிறது. 'பார்க்கிறது' என்ற சொல்லைக் காசு அனுப்புகிறவனுக்கு வைத்திருக்கிறது.

அது சரியில்லை. உப்புப் பார்க்க நாக்கு அங்கே இருக்க வேண்டும். நாடி பார்க்க விரல் அங்கே இருக்க வேண்டும். தாயைப் பார்ப்பதற்கும் அப்படித்தான். இனி ஆராவது கேட்டால், அக்காதான் பார்க்கிறா என்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டால், காசு அனுப்புகிறான் என்று சொன்னால் போதும்.