எது கடைசி டிராயிங்?

கோவை கணபதியில் லேத் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கும் ஒரு தெரு. கீழே மெஷின்கள், மாடியில் ஏசி போட்ட சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர்கள். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் எல்லாம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை அது. ஆட்டோகேடில் எப்படி வரைகிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். வரைவதைக் கொஞ்சம்தான் பார்க்கக் கிடைத்தது. அங்கே படம் போடும் பெண்ணின் பொழுதில் பாதி, வரைந்ததைக் காப்பதிலும், காலாவதியான படத்தைத் தேடிப் பிடித்து ஒழிப்பதிலுமே போகிறது.

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் முதலில் டிராயிங் நம்பர், பிறகு ரிவிஷன் எழுத்து. ஏ, பி, சி என்று போகும். ஐ, ஓ, கியூ வராது. ஒன்று, பூஜ்யம் என்று கண் ஏமாந்துவிடும் என்பதால் அமெரிக்கத் தர விதியிலேயே அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். படத்தில் மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு கோடு, பக்கத்தில் முக்கோணத்துக்குள் ரிவிஷன் எழுத்து. ஓரத்திலுள்ள ரிவிஷன் கட்டத்தில் தேதி, என்ன மாறியது, யார் மாற்றியது, யார் ஒப்புதல் தந்தது.

“எதுக்காக மாத்தினோம்னும் ஒரு வரி எழுதிருவேன் சார். ஆறு மாசம் கழிச்சு எனக்கே ஞாபகம் இருக்காதுங்க” என்றார்.

அந்த ஒரு வரி சின்ன விஷயமில்லை. 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்குநடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். பட்டறைப் படத்தில் அது இரண்டு கம்பிகளாக மாறியது. மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானதை யாரும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆட்டோகேடே வராத காலத்துப் படம்தான்; மென்பொருள்மேல் பழி போட வழியில்லை.

மென்பொருள் காப்பாற்றும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஆட்டோகேடில் சேவ் செய்யும்போது முந்தைய நிலை ‘பேக்’ ஃபைலாகப் பக்கத்தில் நிற்கும். அது ஒரே ஒரு படி பின்னால்தான். அடுத்த முறை சேவ் செய்ததும் அதுவும் போய்விடும். சாலிட்வொர்க்ஸில் வேறு சிக்கல். அங்கே டிராயிங் ஃபைல் தனி, உருவத்தின் ஃபைல் தனி. ஒன்று மற்றதைப் பெயரைக் கொண்டுதான் தேடும். விண்டோஸில் சாதாரணமாகப் பெயரை மாற்றிவிட்டால் மறுநாள் டிராயிங்கைத் திறக்கும்போது உருவத்தைக் காணோம் என்று நிற்கும். அதனால் வெளியே அனுப்பும்போது ‘பேக் அண்ட் கோ’ கொடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கட்டுகிறார். வந்த படம் திறக்கவில்லையென்றால் இன்னொரு வித்தை வைத்திருக்கிறார்: டி.டபிள்யூ.ஜி. ஃபைலை நோட்பேடில் திறக்கிறார். முதல் ஆறு எழுத்து ஏசி1032 என்றிருந்தால் அது 2018 பதிப்பின் ஃபார்மேட். பழைய ஆட்டோகேடில் திறக்காது. குறைத்து சேவ் செய்து அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் ஆபத்து மாடியில் இல்லை. கீழே, டர்னரின் டூல் பெட்டியில் இருக்கிறது.

பட்டறை முதலாளி சொன்ன கதை இது. ஒரு பம்பு ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. முதலில் எச்6 என்று போட்டிருந்தார்கள். அதாவது 25க்கு மேலே போகக் கூடாது, 13 மைக்ரான் வரை குறையலாம். பேரிங் தளர்ந்து ஷாஃப்டின்மேலேயே வழுக்கிச் சுற்றுகிறது என்று புகார் வரவே, ரிவிஷன் சி-யில் கே6 ஆக்கினார்கள்: குறைந்தது 2, அதிகபட்சம் 15 மைக்ரான் கூடுதல். படத்தில் மாறியது ஒரே ஓர் எழுத்து. டர்னர் அந்த ஷாஃப்டை எத்தனையோ தடவை கடைந்தவர். பெட்டியில் எண்ணெய்க்கறை படிந்த பழைய பிரிண்ட் இருந்தது, அதைப் பார்த்தே ஓட்டிவிட்டார். உலோகம் கூடுதலாக இருந்தால் இன்னொரு கட் எடுக்கலாம். குறைந்துவிட்டால் என்ன செய்வது? அந்த லாட் முழுவதும் ஸ்க்ராப்புக்குப் போனது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. புது ரிவிஷன் பிரிண்ட் வேண்டுமானால் பழையதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நான் இருந்தபோதே அந்தப் பெண் கீழே இறங்கி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணா, இதுக்கு டி வந்துருச்சுங்க. உங்ககிட்ட சி இருக்கு, குடுங்க.”

“ஏம்மா, இது நல்லாத்தானே இருக்குது? அளவெல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன்.”

அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. எந்த இன்செர்ட், எவ்வளவு ஃபீட், எங்கே அதிர்வு வந்தது எல்லாம் அந்தக் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலில் இருந்தன. பறித்துக் கிழித்தால் அனுபவமும் சேர்ந்து போகும். அந்தப் பெண் குறிப்புகளைப் புது பிரிண்டில் எழுதிக் கொடுத்த பிறகே பழையதை வாங்கிக்கொண்டார். அன்று நான் பார்த்ததில் உசத்தியான வேலை அதுதான் என்பேன்.

டிரேசிங் பேப்பர் காலத்தில் மூலப்படம் ஒன்றே ஒன்று. ஸ்டோரில் பூட்டியிருக்கும், அம்மோனியா பிரிண்ட் எடுத்துத்தான் கீழே அனுப்புவார்கள். ஒரு கோட்டை மாற்ற பிளேடால் சுரண்ட வேண்டும், சுரண்டிய தழும்பும் தெரியும். இப்போது மாற்ற ஒரு நிமிடம் போதும், தழும்பே இல்லை; நகலோ கம்ப்யூட்டரில், மெயிலில், வாட்ஸ்அப்பில், சூப்பர்வைசரின் போனில். பெரிய கம்பெனிகள் வால்ட், டீம்சென்டர் போன்றவற்றில் ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொட முடியாதபடி பூட்டி வைக்கின்றன. இந்தப் பட்டறையில் ஓர் எக்செல் ரிஜிஸ்டரும் ‘அப்சலீட்’ என்ற சிவப்பு முத்திரையும்தான். ஆனால் எத்தனை லட்சத்துக்கு வாங்கிய பூட்டானாலும், கம்பெனி எல்லையைத் தாண்டி வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப்பைக் கட்டுப்படுத்தாது.

அங்கே வரும் பர்ச்சேஸ் ஆர்டர்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். பலவற்றில் டிராயிங் நம்பர் மட்டும் இருந்தது, ரிவிஷன் இல்லை. எது கடைசி என்று இந்தப் பெண்தான் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆர்டர் போடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: டிராயிங் நம்பருக்குப் பக்கத்தில் அந்த ஓர் எழுத்தையும் தட்டச்சு செய்துவிடுங்கள்.