தோலகட்டி வைனின் மூலம்

சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரைச் சாவகர் குடியிருந்த சேரி எனப் பிரித்து, 13ஆம் நூற்றாண்டில் சந்திரபானுவோடு இலங்கைக்கு வந்த சாவகப் படையினரை அது நினைவூட்டுவதாகக் கொள்ளும் மரபு உண்டு. வெளியிலிருந்து வந்தது உள்ளூர்ப் பெயராகவே நிலைத்துவிடும் இந்த இயல்பு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊர்களோடு நின்றுவிடவில்லை. சாவகச்சேரி அடங்கிய தென்மராட்சியில் கள் விற்கும் இடத்தைக் குறிக்கும் ‘தவறணை’ போர்த்துக்கேய மொழி தந்த சொல். ‘பீப்பாய்’ என்பதும் அம்மொழியினர் வைன் அடைத்து வைத்த மரக்கலனின் பெயரிலிருந்து வந்ததே. பனங்கள்ளோ போர்த்துக்கேயரின் வருகைக்கு மிக முந்தியது. அது விற்கப்பட்ட கடை மட்டுமே அந்நியப் பெயரைப் பூண்டது. யாழ்ப்பாணத்தார் ‘தோலகட்டி வைன்’ என அழைக்கும் பானத்தின் மூலத்தைத் தேடுவோர் இதன் மறுதலையைக் காண்கின்றனர்: அங்கே பெயர் உள்ளூருடையது, பொருள் ஐரோப்பியருடையது என்பது முதற்பார்வையில் எழும் முடிவு. அம்முடிவு பாதியளவே சரியானது.

வைனை விளங்கிக்கொள்ளக் கள்ளிலிருந்து தொடங்குவதே தென்மராட்சிக்குப் பொருந்தும். சீவல் தொழிலாளி பனையின் பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, அதன் நுனியில் முட்டியைக் கட்டிவிட, வடியும் இனிய சாறு முட்டியிலும் காற்றிலும் உள்ள நொதியங்களால், அதாவது சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும் நுண்ணுயிர்களால், மரத்திலிருந்து இறக்கப்படும் முன்னரே கள்ளாகத் தொடங்குகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் அந்த மாற்றம் தடைப்பட்டு, பனங்கட்டி காய்ச்சுவதற்குரிய கருப்பநீர் கிடைக்கிறது. கள்ளாகவோ கட்டியாகவோ ஆகும் ஒரே சாற்றின் விதியை ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு தீர்மானிக்கிறது. பனையோலையைக் குவித்து மடித்த பிளாவில் காலையில் வார்க்கும்போது இனிப்பாக இருக்கும் கள், மாலையில் கடுத்து, மறுநாள் புளித்த காடியை நெருங்கிவிடும். முந்திரிகைச் சாற்றிலோ சர்க்கரையும் இயற்கைப் புளிப்பும் மிகுதி. ஆதலால் அதிலிருந்து பிறக்கும் வைனில் மதுசாரம் ஏறத்தாழ இரு மடங்காகி, மூடிய கலனில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. (யாழ்ப்பாண வழக்கில் திராட்சைக்கே முந்திரிகை என்று பெயர், தமிழ்நாட்டார் முந்திரி எனும் கொட்டை இங்கே மரமுந்திரிகை.) கள் அன்றன்றைக்கான பானமாகவும் வைன் சேமிக்கும் பானமாகவும் ஆனதன் காரணம் இந்த வேதியியலே, ஒன்றைத் தாழ்ந்ததாகவும் மற்றதை உயர்ந்ததாகவும் எண்ணும் பழக்கத்திற்கு அதில் ஆதாரம் எதுவும் இல்லை.

தமிழருக்கு வைன் முதலில் கப்பற் சரக்காகவே அறிமுகமாயிற்று. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகிறார். யாழ்ப்பாணத்தில் அது கத்தோலிக்கத் திருப்பலியின் தேவையாக வேரூன்றியது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின் பெருகிய கோவில்களுள் சாவகச்சேரியிலும் ஒன்று இருந்ததை, 1658இல் ஆட்சியைப் பெற்ற ஒல்லாந்தரின் போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூல் காட்டுகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்ததால், 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேவ்வாஸ் அடிகள் போன்றோர் திருப்பலியை மறைவாகவே நிறைவேற்றினர். திருப்பலிக்குரிய வைன் கொடிமுந்திரியின் கனியிலிருந்து பெறப்பட்டதாகவும், பிற பொருள் கலவாததாகவும், கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். பனையும் தென்னையும் எவ்வளவு தந்தாலும் அந்தத் தேவையை நிறைவுசெய்ய இயலாது.

கொடியை இம்மண்ணில் வளர்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் பூக்கும் முந்திரிகை, குளிரே இல்லாத நாட்டில் ஓயாது தழைத்துக்கொண்டிருக்குமேயன்றி ஒழுங்காகக் காய்க்காது. ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அரசாங்க அதிபராக இருந்த டைக், வேர்களை வெயில்படத் தோண்டி வைத்துக் கொடிக்குச் செயற்கையான ஓய்வைக் கொடுத்துக் காய்க்கச் செய்ததாக எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் நூலில் எழுதுகிறார். பனிக்குப் பதிலாக வெயிலைக் கொண்டு ஒரு மாரியை உண்டாக்கிய இச்செயல், ஐரோப்பியக் கொடி உள்ளூர் வெயிலுக்குப் பணிந்த தருணம் எனலாம். இன்று அந்தப் பணியைக் கத்தரி செய்கிறது: பந்தலிற் படர்ந்த கொடியைக் கவாத்துச் செய்து, இலைகளைக் கழித்து, நீரும் எருவும் இட்டால் ஏறத்தாழ 4 மாதங்களில் குலை பழுத்துவிடும், ஆண்டில் 2 அறுவடையும் கூடும். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தில் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த செம்மண்ணும் கிணற்று நீரும் இதற்கு ஏற்றவை. தென்மராட்சியின் மணற்பாங்கான நிலம் பலாவுக்கும் மாவுக்கும் தென்னைக்கும் பனைக்குமே பெயர் பெற்றது.

அந்தச் செம்மண் வட்டாரத்தில், வசாவிளானை அடுத்த தோலகட்டியில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். அமலமரித் தியாகிகள் சபை 1816இல் தென் பிரான்சின் எக்ஸ் நகரில், கொடித்தோட்டங்கள் சூழ்ந்த புரோவென்ஸ் நாட்டில் தோன்றியது. தோமஸ் அடிகளாரோ யாழ்ப்பாணத் தமிழர். செபமும் மௌனமும் கைத்தொழிலுமாக வாழும் தியான சபைகளை மறைபரப்பு நாடுகளிலும் தொடங்க வேண்டும் என்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1926இல் விடுத்த சுற்றுமடல் அவருக்குத் தூண்டுதலாயிற்று. தன் உழைப்பால் தானே உண்பது ஐரோப்பியத் துறவு மடங்களின் பழைய நெறி. அந்நெறி தோலகட்டியில் முந்திரிகை இரசமாகவும் வைனாகவும், வீடுகளில் விருந்தினருக்குக் கரைத்துக் கொடுக்கப்படும் நெல்லி இரசமாகவும் வடிவெடுத்தது.

செபமாலைத் தாசர் சபையின் கன்னியர் சிற்றளவில் தயாரித்து, ‘ரொசெற்றோ’ என்ற பெயரில் விற்கும் வைனைத் திறந்தவுடன் எழுவது பழவாசம் அன்று, கறுவாவும் கராம்பும் சேர்ந்த மணம். நாவில் இனிப்பு முந்திக்கொள்ள, கராம்பின் காரம் தொண்டையில் தங்குகிறது. வெப்பநாட்டில் நொதிப்பு விரைந்து முடிவதால் பழத்தின் நுண்மணங்கள் பறந்துவிடுவது இயல்பு. அந்த இழப்பை வாசனைத் திரவியம் ஈடுசெய்கிறது என்பதே இங்குப் பொருத்தமான விளக்கம். வாசனை சேர்ந்தபின் அது பலிபீடத்துக்கு உரியதாகாது. அவ்வகையில் பீடத்தின் வைனிலிருந்து கிளைத்து விருந்து மேசைக்கு வந்த பானம் அது.

இதைச் சுவைக்கும் ஐரோப்பியர் தங்கள் நாட்டில் நத்தார் காலத்தில் சூடாக்கிக் குடிக்கும் வாசனை வைனை நினைத்துக்கொள்வர். இடைக்கால ஐரோப்பாவின் செல்வர் வீடுகளில் ‘இப்போக்கிராசு’ என்ற பெயரில் விளங்கிய அவ்வகை வைனின் உயிர்நாடி கறுவா. தரமான கறுவாவோ இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில் உரிக்கப்பட்டுக் கப்பலேறியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவுக்காகப் போரிட்டதற்கு அந்தப் பட்டையே முதற்காரணம். இன்னொரு பக்கத்தில், உலர்ந்த முந்திரிகையை வெல்லத்தோடும் கறுவா, ஏலம், மிளகு முதலியவற்றோடும் சேர்த்து நொதிக்கவிடும் திராட்சாரிஷ்டம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. ஆகவே, கொடியும் மடத்து நெறியும் மேற்கிலிருந்து வந்தவை, கறுவாவின் வாசனை இங்கிருந்தே மேற்குக்குச் சென்றது, முந்திரிகையையும் கறுவாவையும் ஒரு கலனில் இடும் அறிவு இரு பக்கத்திலும் இருந்தது.

1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் போரால் வெளியேற நேர்ந்தபோது தோலகட்டியும் அவ்வட்டாரத்தின் தோட்டங்களும் ஆளற்றுப் போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குள் திரண்டது. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரே இடிந்தது. பந்தல் சாய்ந்தால் கொடி கிடையாது. பனையோ தலை போனால் ஒழியச் சாவதில்லை. 1972 முதல் கூட்டுறவுச் சங்கங்களின் கீழ் வந்த தென்மராட்சிக் கள்ளின் பழகிய மேடை தவறணையே. தோலகட்டியின் பெயர் தாங்கிய வைன், ஊரை விட்டு வந்த மடத்தோடு, யாழ்ப்பாண நகரத்தில் தொடர்ந்து விற்பனையாகி வந்தது.