ஐயமும் தெளிவும்: ஓர் ஆட்டப் பலகை தந்த சிந்தனைகள்

விளையாட்டு என்றவுடன் நம் உள்ளத்தில் எழுபவை வெற்றி, தோல்வி என்னும் இரண்டு சொற்களே. ஒருவர் வெல்ல வேண்டுமானால் மற்றொருவர் தோற்றாக வேண்டும் என்பது பொதுவிதி. திண்ணையில் ஆடிய தாயமும், முற்றத்தில் ஆடிய பல்லாங்குழியும், பாம்பும் ஏணியும் நிறைந்த பரமபதமும் இவ்விதிக்கு உட்பட்டவையே. ஆடு புலி ஆட்டத்தில் மட்டும் பதினைந்து ஆடுகள் ஒன்றுகூடி மூன்று புலிகளை மடக்குகின்றன. அங்கே ஒற்றுமை வெல்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அப்பதினைந்து ஆடுகளையும் நகர்த்துவது ஒரே கை. எண்ணுவது ஒரே தலை. ஆடுகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஓர் ஆடு மற்றோர் ஆட்டை ஐயுறுவதும் இல்லை. பல தலைகள் கூடி ஒரு காரியத்தை முடிப்பது எவ்வளவு அரியது என்பதை அவ்வாட்டம் நமக்குக் காட்டுவதில்லை.

அதனைக் காட்டும் ஆட்டம் ஒன்றை நாங்கள் வலங்கைமானில், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆடினோம். அதைப் பற்றிச் சில சிந்தனைகளை மாணவ நண்பர்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டம் பிறந்த கதை

ஆடுவோர் அனைவரும் ஓரணியாய் நின்று, ஆட்டத்தையே எதிரியாகக் கொண்டு போராடும் கூட்டுறவு ஆட்டங்கள் மேலைநாடுகளில் கடந்த சில பதின்மஆண்டுகளில் பெருகியுள்ளன. ரெய்னர் நிட்ஸியா என்னும் ஜெர்மானியர் 2000ஆம் ஆண்டில் அமைத்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆட்டமும், மாட் லீகாக் 2008இல் அமைத்த ‘பாண்டமிக்’ என்னும் கொள்ளைநோய் ஆட்டமும் இவற்றுள் புகழ்பெற்றவை. அதே 2008இல் கோரி கொனிஸ்கா என்பவர் அமைத்து வெளிவந்ததே நாங்கள் ஆடிய ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’. அதே பெயருடைய தொலைக்காட்சித் தொடரே அதற்கு அடிப்படை. முதல் தொடர் 1978இல் தொடங்கியது. ரொனால்டு மூர் அதனைப் புதுக்கி உருவாக்கிய தொடர் 2004 முதல் 2009 வரை ஒளிபரப்பாயிற்று.

கதை இதுதான். மனிதர் படைத்த எந்திரங்கள் மனிதரையே எதிர்த்து எழுகின்றன. பன்னிரண்டு உலகங்கள் அழிகின்றன. எஞ்சிய ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் ஒரு போர்க்கப்பலின் காவலில், விண்வெளியில் புகலிடம் தேடி அலைகின்றனர். சைலான்கள் எனப்படும் அவ்வெந்திரங்களில் சில, மனித உருவிலேயே அவர்களிடையே உலவுகின்றன. யார் மனிதர், யார் சைலான் என்பதை எவரும் அறியார். ஏதிலிகளாய் அலையும் மக்களுக்குத் தலைமை ஏற்பவர் முன்னாளில் பள்ளி ஆசிரியையாக இருந்த லாரா ரோஸ்லின் என்னும் அம்மையார். இத்தொடர் எழுப்பிய மனித உரிமை, பயங்கரவாதம், சமரசம் பற்றிய வினாக்களுக்காகவே 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையின் நியூயார்க் தலைமையகத்தில் ஒரு கலந்துரையாடல் நடந்தது என்றால், இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும்.

ஆட்டத்தின் அமைப்பு

பலகையின் நடுவே கப்பல், சுற்றிலும் விண்வெளி. எரிபொருள் எட்டு, உணவு எட்டு, மனவுறுதி பத்து, மக்கள்தொகை பன்னிரண்டு என நான்கு செல்வங்களோடு பயணம் தொடங்குகிறது. இவற்றுள் ஒன்று வற்றிப்போனாலும் மனிதர் தோற்றனர். ஒவ்வொருவர் முறையிலும் ஓர் இடர் நேர்கிறது. அதனைக் கடக்க, ஆடுவோர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சீட்டுகளைக் கவிழ்த்துப் பொதுக்குவியலில் இடுகின்றனர். யார் போட்டது எனத் தெரியாதபடி, பொதுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளும் அதில் சேர்கின்றன. பிறகு கலைத்துத் திறக்கின்றனர். இடருக்குப் பொருந்திய நிறச் சீட்டுகள் கூட்டப்படும், பொருந்தாதவை கழிக்கப்படும்.

ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் இரகசியச் சீட்டு ஒன்று தரப்படுகிறது. அதில் அவர் சைலானா, அல்லரா என்பது எழுதியிருக்கும். ஐவர் ஆடினால் இருவர் சைலான்கள். பாதி வழியில் இரண்டாம் சீட்டு வருகிறது. அதுவரை உண்மையாய் உழைத்தவரே அச்சீட்டால் பகைவராய் மாறவும் கூடும். ஐயத்திற்கு உரியவரைக் கூட்டு முயற்சியால் கப்பலின் சிறையில் அடைக்கலாம். ஆனால் அடைபட்டவர் நல்லவரானால் ஒரு துணையை இழந்தோம் என்பதே பொருள்.

எங்கள் டெல்டாக்காரர்களுக்கு இப்பொதுக்குவியல் முற்றிலும் புதியதன்று. வாய்க்கால் தூர்வாரவும் கரை உயர்த்தவும் வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு வந்து நிற்கும் குடிமராமத்து, நம் முன்னோர் கண்ட கூட்டுறவு. 2017இல் தமிழ்நாடு அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தையும் தொடங்கியது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. குடிமராமத்தில் யார் எத்தனை கூடை மண் சுமந்தார் என்பதை ஊரே பார்க்கும். இவ்வாட்டத்தில் உழைப்பு முகமற்றது. கரை உடைந்தது தெரியும். உடைத்த கை தெரியாது. அந்த இடத்தில்தான் ஐயம் பிறக்கிறது.

அந்த ஆண்டு

நாங்கள் இதனை ஆடியது 2020ஆம் ஆண்டு. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. அதற்கு இரண்டு நாள் முன்பாகச் சென்னையிலிருந்து தம்பி வந்து சேர்ந்தான். கையில் ஒரு துணிப்பை; மற்றொரு கையில் இந்த ஆட்டப்பெட்டி. பதினான்கு நாள் கொல்லைப்புற அறையில் தனித்திருந்தான். உணவுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்போம். தெருவில் எங்கள் வீட்டைக் கடப்போர் எதிர்ப்புறம் ஒதுங்கி நடந்தனர். பால் ஊற்றுபவர் வெளிக்கதவருகே பாத்திரத்தை வைக்கச் சொல்லி, எட்ட நின்றே ஊற்றிச் சென்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தனர். இருமியவரை ஐயுறுவதும், வெளியூர்க்காரரை ஐயுறுவதும், பின்னர் இன்னார் இன்னார் என்று கூட்டம் கூட்டமாகவே மக்களை ஐயுறுவதும் அந்நாட்களில் நாடெங்கும் பரவியிருந்ததை நாம் அனைவரும் அறிவோம். நோய்க்கு முன்னே ஓடியது ஐயம்.

தனிமை முடிந்து தம்பி கூடத்திற்கு வந்த பின்னரே பெட்டி திறக்கப்பட்டது. சீட்டுக்கட்டைக் கண்டதும் பெரியத்தா முகம் சுருங்கிற்று. “சீட்டா? காசு வைத்து ஆடுவதா?” என்று கேட்டார். திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டென்பதை அறிந்த வீடு அது. காசு இல்லை, பந்தயம் இல்லை, எல்லாரும் ஒரே கட்சி என்று தம்பி விளக்கிய பிறகே அவர் பாயில் அமர்ந்தார். பெரியத்தா, அக்கா, மச்சான், தம்பி என ஐவராக நாங்கள் ஆடினோம். பள்ளி ஆசிரியையான அக்கா, ரோஸ்லின் பாத்திரத்தை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. உணவு இரண்டாகக் குறைந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு இடர்களில், பொருந்தாத சீட்டுகள் குவியலில் கிடந்தன. மச்சான் தம்பியைச் சுட்டினார். “இவன்தான். பெட்டியைக் கொண்டு வந்தவனே இவன்தானே; ஆட்டத்தின் நெளிவுசுளிவெல்லாம் இவனுக்குத்தான் தெரியும்; அடைத்துவிடுவோம்” என்றார். அக்காவும் உடன்பட்டார். சீட்டுகள் குவிந்தன. பெரியத்தா மட்டும் ஒரு சீட்டும் போடவில்லை. “கொண்டு வந்தான் என்பது ஒரு சான்றா?” என்றார். சிறையிடப் போதிய எண்ணிக்கை சேரவில்லை. அடுத்த சுற்றிலேயே உணவு வற்றியது, மனிதகுலம் தோற்றது.

இரகசியச் சீட்டுகளைத் திருப்பினோம். தம்பி சைலானே! அவனைச் சுட்டிக் காட்டிய மச்சானும் சைலான்! தன் மீது ஐயம் விழாதிருக்கத் தன் கூட்டாளியையே காட்டிக்கொடுத்திருந்தார். கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. “பார்த்தீர்களா பெரியத்தா, அடைத்திருக்கலாமே!” என்று அக்கா கடிந்தார். அவர் அமைதியாகச் சொன்னார்: “அவன்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாதே அம்மா. தெரியாமல் ஒருவனை அடைப்பது முறையா?”

ஆட்டமும் வாழ்வும்

ஆட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் பெரியத்தா நல்ல ஆட்டக்காரர் அல்லர். விரைந்து ஐயுற்று, விரைந்து சிறையிடும் அணி இவ்வாட்டத்தில் வெல்வதுண்டு. நாங்களே பின்னர் அவ்வாறு வென்றிருக்கிறோம். ஐயம் அங்கே ஒரு கருவி. ஏனெனில் ஆட்டத்தில் சைலான் இருப்பது உறுதி. எத்தனை பேர் என்பதும் உறுதி. முடிவில் சீட்டு திருப்பப்படும் என்பதும் உறுதி. யாரைத் தவறாக அடைத்தோமோ அவர் நிரபராதி என்பது எல்லார் முன்னும் வெளிப்படும். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்திற்கு அமர்வார்.

வாழ்விலோ அந்தச் சீட்டு இல்லை. பதினான்கு நாள் கழிந்து, நோயின்றி வெளிவந்த தம்பியைத் தெரு உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அவன் நலமாக இருக்கிறான் என்று திருப்பிக் காட்ட எந்தச் சீட்டும் அவன் கையில் இல்லை. ஒரு மனிதர் மீதோ ஒரு கூட்டத்தின் மீதோ விழுந்த ஐயம், பொய்யென்று ஆன பிறகும் ஈரச்சுவரின் கறைபோல் நின்றுவிடுகிறது. ஆட்டத்தில் ஐயத்திற்கு விலை ஒரு தோல்வி. வாழ்வில் அதற்கு விலை ஒரு மனிதர். பெரியத்தா ஆட்டத்தை வாழ்வாகவே எண்ணி ஆடினார் என்பதுதான் உண்மை.

அதற்காக, எவரையும் எப்போதும் கண்மூடி நம்புக என்பது இதன் பொருளன்று. திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம் இதற்கு வழிகாட்டுகிறது. முதலில் ஆராய்தல், பின்னர் தெளிதல். ஆராயாமல் நம்புவதும் துன்பம். ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் என்பதே வள்ளுவர் கருத்து. ஐயம் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகிவிடலாகாது.

கருத்து வேறுபாட்டை ஐயமாக வளரவிடாமல் காத்தவர் ஒருவரை இவ்வூரே ஈன்றது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். 1869இல் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், காந்தியடிகளின் ஒத்துழையாமைக் கொள்கையை வெளிப்படையாக மறுத்தவர். ஆயினும் இருவர் நட்பும் இறுதிவரை முறியவில்லை. மாற்றுக் கருத்துடையவர் மாற்றார் அல்லர் என்னும் தெளிவே அதற்குக் காரணம் எனலாம்.

நம் ஆட்டம் ஒன்று

இவ்வாட்டம் இப்போது அச்சில் இல்லை. இதன் அமைப்பைத் தழுவி, 1913ஆம் ஆண்டின் கப்பல் ஒன்றைக் களமாகக் கொண்ட ‘அன்ஃபாதமபிள்’ என்னும் ஆட்டம் 2021இல் வெளிவந்தது. பிறர் செய்ததை வாங்கி ஆடுவதோடு நாம் நின்றுவிட வேண்டுமா என்பதே மாணவ நண்பர்கள் முன் நாங்கள் வைக்கும் வினா.

2020 ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தது. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் வழக்கமான அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. குடமுருட்டியில் நீர் வந்த செய்தி கேட்டு வயல்கள் உயிர்பெற்றன. ஐயத்தோடு கடந்த அவ்வேனிலில் தலைமடைக்கும் கடைமடைக்கும் பொதுவாய் வந்த மகிழ்ச்சி அது ஒன்றே. அன்று எங்கள் கூடத்தில் ஓர் எண்ணம் தோன்றிற்று. மேட்டூரில் தொடங்கி, கல்லணையில் பிரிந்து, காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி எனக் கிளைத்துக் கடல்நோக்கி ஓடும் ஒரு பலகை. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஓர் ஊரார். நீர் அளவானது, முறை வைத்தே பாய்ச்ச வேண்டும். தன் மடையை இரவில் கூடுதலாகத் திறப்பவரும் இருக்கக்கூடும். ஆனால் கடைசி வயலில் கதிர் முற்றினால்தான் எவருக்கும் வெற்றி. கடைமடை காய்ந்தால் தலைமடைக்காரரும் தோற்றவரே.

தமிழ் பயிலும் மாணவர்கள் சொல் தரட்டும். கணிதம் பயில்வோர் கணக்கு வகுக்கட்டும். உழவர் வீட்டுப் பிள்ளைகள் நீரின் போக்கைச் சொல்லட்டும். பெரியோர்கள் பழைய முறைப்பாசனத்தின் நெறிகளை எடுத்துரைக்கட்டும். அவ்வாறு ஒரு பலகை உருவாகுமானால், அதனை உருவாக்கும் பணியே முதல் கூட்டுறவு ஆட்டமாக அமையும்.