பழுதிடங்கள்

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிப்புகளில் அவ்வெண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அடுத்த பாட்டு 269ஆம் எண்ணையே தாங்கி வருகிறது. செல்லரித்த ஏட்டில் துளையேனும் கண்ணுக்குப் புலப்படும். கணினியின் வன்தட்டில் நேரும் பழுதோ வெளித் தோன்றுவதில்லை. ஒரு கோப்பைத் திறக்கையில் இயந்திரம் திணறி நிற்பதே அதன் அறிகுறி.

வன்தட்டு சிறுசிறு துண்டங்களாகப் பகுக்கப்பட்டது. பழைய தட்டுகளில் ஒரு துண்டம் 512 பைற்றுகளைக் கொள்ளும். முற்றிலும் பழுதற்ற தட்டு அரிது. 1980களில் பல தட்டுகளின் உறைமீது பழுதிடங்களின் பட்டியலைத் தொழிற்சாலையே ஒட்டி அனுப்பியது. பிற்காலத் தட்டுகள் உபரித் துண்டங்களை வைத்திருந்து, கெட்டதற்கு ஈடாக நல்லதை ஓசையின்றி மாற்றிக்கொள்கின்றன. அதற்கும் அடங்காதவற்றைக் கோப்புமுறைமை ஒதுக்கி வைக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்2 முறைமை, அவ்விடங்கள் யாவற்றையும் முதலாம் எண் ஐநோட்டின் உடைமையாகப் பதிந்துவிடும்; பின்னர் வேறெந்தக் கோப்புக்கும் அவை வழங்கப்படா. பயனற்ற இடத்துக்கும் அங்கே உரிமைப் பதிவு உண்டு. தோட்ட லயங்களில் வாழ்வோர் பெரும்பாலோர்க்குத்தான் அது வாய்க்கவில்லை.

ஆயினும் இவ்வேற்பாடு இனி எழுதப்படுவதைக் காக்குமேயன்றி, எழுதியதை மீட்டுத் தராது. இவ்வேறுபாட்டை உணராது பழுதுபார்க்கும் ஆணையை முதலில் இடுவோர் பலர்.

கொடகவெலவை அடுத்த தோட்டமொன்றில், விடுமுறைக்கு வந்த மாணவன் ஒருவன் அவ்வாறு செய்யவில்லை. மறைந்த அம்மாயி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பழுதுற்ற அந்த ஒரு தட்டில் மட்டுமே இருந்தன. “கொரலு கெடைக்குமா தம்பி?” என்று தாய் இருமுறை கேட்டாள். நைந்த தட்டு ஒவ்வொரு முயற்சியிலும் மேலும் நையக்கூடும். ஆதலின் அவன் டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருளை நாடினான். அது எளிதில் வாசிக்கத்தக்கவற்றை முதலில் வேறொரு தட்டுக்குப் படியெடுக்கும். தடுமாறும் இடங்களைத் தாவிச் சென்று, இறுதியிலேயே அவற்றிடம் திரும்பும். நிகழ்ந்ததைக் குறிப்பேட்டில் பதிவதால், மழையிரவில் இருமுறை மின்சாரம் நின்றும் விட்ட இடத்திலிருந்தே பணி தொடர்ந்தது. சோதனையும் திருத்தமும் படியின்மீதே நடந்தன.

மீளாத துண்டங்கள் சுழியங்களாக நின்றன. குறுவட்டுத் தரத்தில், ஒற்றைத் தடத்தில், சுருக்காது பதிந்த ஒலியில் 512 பைற்று என்பது ஏறக்குறைய ஆறு மில்லிசெக்கன் மௌனமே. ஒப்பாரியில் ஒரு சிறு சொடுக்கு மட்டும் கேட்டது. தாலாட்டிலோ துண்டங்கள் பல தொடர்ந்து அழிந்தமையால் ஓரடி முழுதாக இல்லை. அவ்வடியைத் தாய் பாடினாள். அவன் அதனை அம்மாயியின் பாட்டோடு ஒட்டாமல், தனிக்கோப்பாகத் தாயின் பெயரிலேயே சேமித்தான்.