குளத்துப் புழுக்கள்

தோட்டத்துச் சிறு குளத்தில் புழுக்களைக் கண்டவுடன் மண்ணெண்ணெய் ஊற்றி அழிப்பார் உளர். அது பகையோடு நட்பையும் மாய்க்கும் செயலாகும். ஆதலின் முதற்கண் அவற்றின் இனம் அறிதல் வேண்டும்.

வெண்ணிறக் கிண்ணத்தில் குளத்து நீரை முகந்து நோக்குக. நீர்மட்டத்தில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வாற்புறக் குழலால் காற்றை உட்கொள்வது க்யூலெக்ஸ் என்னும் கொசுவின் புழு. அத்தகைய நீண்ட குழலின்றி, நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருப்பது அனாபிலிஸ் கொசுவின் புழு. இவ்வினத்துப் பெண்கொசுக்களே மக்களிடையே மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவன. கொசுவின் உடலில் அந்நோயின் நுண்ணுயிரை ரொனால்டு ராஸ் என்பார் 1897-ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் கண்டறிந்தார்.

அடிச்சேற்றில் செந்நூல்போல் நெளியும் புழு, கொசுவை ஒத்த, ஆனால் கடியாத ஒரு பூச்சியின் இளமைப் பருவம். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆறு கால்களுடன் சேற்று நிறத்தில் பதுங்கியிருப்பதோ தும்பியின் இளம் உயிர். அது மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை இமைப்பொழுதில் நீட்டிக் கொசுப்புழுக்களைக் கவ்வி உண்ணும். சிறகு பெற்று வானில் எழுந்த பின்னரும் கொசுக்களை வேட்டையாடும். கூலி கேளாது காவல் புரியும் இவ்வுயிரைப் பேணுதல் நம் கடன்.

களை எடுப்பார் பயிரை அறிந்த பின்னரன்றோ களையில் கை வைப்பர்!